காங்கோ: சம்பள நாளில் எழுதப்பட்ட வரலாறு

1961 ஜனவரி 13ஆம் தேதி காங்கோவின் திஸ்வில் நகரிலிருந்த ஹார்டி படைமுகாமில் சிப்பாய்கள் கலகத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது ஊதிய உயர்வு. தலைநகர் லியோபோல்ட்வில்லிலிருந்து குடியரசுத் தலைவர் ஜோசப் காசாவுபு, இராணுவத்தைத் தன் பிடியில் வைத்திருந்த கர்னல் ஜோசப் தெசிரே மொபுட்டு, வெளியுறவைக் கவனித்துவந்த ஜுஸ்தேன் பொம்போக்கோ, பாதுகாப்புப் போலீஸின் தலைவர் விக்டர் நெந்தாக்கா ஆகியோர் அவசரமாக அங்கே விரைந்தார்கள். சிப்பாய்களின் சம்பளப் பிரச்சினைக்கு நாட்டின் தலைவரே ஓடிவர வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. முதல் பிரதமராகப் பதவியேற்றுப் பத்து வாரங்களுக்குள் தூக்கியெறியப்பட்ட பத்ரீஸ் லுமும்பா அந்த முகாமின் சிறையறையில்தான் அடைக்கப்பட்டிருந்தார். கூலி கேட்டு எழுந்த கூட்டம் அந்தக் கதவையும் திறந்துவிட்டால், ஆட்சி ஒரே இரவில் கைமாறிவிடும். வந்தவர்கள் பேசி, வாக்குறுதிகள் கொடுத்து, கலகத்தைத் தணித்தார்கள். நான்கு நாட்கள் கழித்து லுமும்பா விமானத்தில் கத்தங்கா மாகாணத்துக்கு அனுப்பப்பட்டு, அன்றிரவே சுட்டுக் கொல்லப்பட்டார்.

லுமும்பாவின் கொலையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பனிப்போரிலிருந்து தொடங்குவார்கள். வாஷிங்டனின் அச்சம், பிரஸ்ஸல்ஸின் வன்மம், மாஸ்கோவின் விமானங்கள் என்று கதை நகரும். அவை எல்லாமே உண்மை. அவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பளப் பட்டியல்களைச் சரிபார்க்கும் அரசு வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதாலோ என்னவோ, காங்கோவின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் கண் வேறொரு இடத்தில் போய் நிற்கிறது. அந்த நாட்டில் ஆட்சி கைமாறிய ஏறத்தாழ ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன்போ பின்போ, சிப்பாய்க்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்ற கேள்வி வந்து நிற்கிறது. அரசியல் சட்டம் யாருக்கு அதிகாரம் கொடுத்தது, மக்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை ஒன்றாகவும், இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை வேறாகவும் இருந்தபோதெல்லாம், சம்பளம் கொடுத்தவனே வென்றிருக்கிறான். இந்த ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டு அந்நாட்டின் வரலாற்றைச் சொல்லிப் பார்க்கவே இக்கட்டுரை.

அந்தச் சிப்பாய்களின் படை ஃபோர்ஸ் புப்ளிக் என்ற பெயரில், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக ஆண்ட காலத்தில் உருவானது. ரப்பர் வசூலுக்காகக் கிராமங்களை மிரட்டுவதும், கொடுக்காதவர்களைச் சுடுவதும், செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கையைக் கொண்டுவந்து காட்டுவதும் அதன் ஆரம்பகாலப் பணிகளாக இருந்தன. 1908இல் மன்னரிடமிருந்து பெல்ஜிய அரசு காங்கோவை எடுத்துக்கொண்ட பிறகு அந்தக் கொடூரங்கள் குறைந்தன; படையின் அமைப்போ மாறவில்லை. மேலே வெள்ளை அதிகாரிகள், கீழே கறுப்புச் சிப்பாய்கள். அந்தச் சிப்பாய்கள் முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடமிருந்து தபோராவைக் கைப்பற்றினார்கள்; இரண்டாம் உலகப் போரில் எத்தியோப்பியாவில் இத்தாலியரைத் தோற்கடித்தார்கள். இத்தனைக்குப் பிறகும், 1960இல் ஏறத்தாழ 25,000 பேர் கொண்ட அப்படையில் காங்கோக்காரர் ஒருவர்கூட அதிகாரியாக இல்லை. சார்ஜெண்ட் தரத்துக்குச் சற்று மேலே, அட்ஜுதான் என்ற பதவியோடு அவர்களின் ஏணி முடிந்தது. அதற்கு மேலிருந்த சுமார் 1,000 பேரும் பெல்ஜியர்கள்.

ஆட்சித்துறையின் நிலையும் இதுவே. லியோபோல்ட்வில்லின் லோவானியம் பல்கலைக்கழகமே 1954இல்தான் தொடங்கப்பட்டது. சுதந்திரத்தின்போது நாடு முழுவதிலும் இருந்த காங்கோக்காரப் பட்டதாரிகள் முப்பதைத் தாண்டவில்லை. 1959 ஜனவரி 4ஆம் தேதி லியோபோல்ட்வில்லில் கலவரம் வெடிக்கும்வரை சுதந்திரத்தைத் தொலைவிலிருக்கும் ஒன்றாகவே பெல்ஜியம் நினைத்துக்கொண்டிருந்தது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டில், 1960 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் கூடிய வட்டமேசை மாநாட்டில், ஜூன் 30 என்று நாள் குறிக்கப்பட்டது. சிறையிலிருந்த லுமும்பாவை விடுவித்து அந்த மாநாட்டுக்கு அழைத்துவர வேண்டிய கட்டாயமும் பெல்ஜியத்துக்கு ஏற்பட்டது. அரசியல் சட்டத்துக்குப் பதிலாக ஓர் இடைக்கால அடிப்படைச் சட்டம் வரையப்பட்டது. பெல்ஜியத்தில் அரசரும் பிரதமரும் இருப்பதைப் போலக் காங்கோவில் குடியரசுத் தலைவரும் பிரதமரும் இருப்பார்கள் என்று அது சொன்னது. பிரதமரை நீக்கும் உரிமையையும் அந்த அரசரின் இடத்திலிருந்தே எடுத்துக் குடியரசுத் தலைவரின் கையில் வைத்தது. பெல்ஜியத்தில் அரசர் பயன்படுத்தாமல் விட்டுவைத்த ஓர் உரிமையை, தேர்தல் களத்தில் பகைவர்களாக நின்ற இரு அரசியல்வாதிகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்த அந்தச் சட்டத்தை, அக்கறையின்மையின் உச்சம் என்றே நான் கருதுகிறேன்.

1960 மேயில் நடந்த தேர்தலில் 137 இடங்கள் கொண்ட கீழவையில் லுமும்பாவின் காங்கோ தேசிய இயக்கம் முதலிடம் பிடித்தது. பெரும்பான்மைக்கு அது வெகு தொலைவில் இருந்தது. கூட்டணி பேசி லுமும்பா பிரதமரானார். அபாக்கோ கட்சியின் தலைவர் காசாவுபு குடியரசுத் தலைவரானார். ஒருவர் முழு நாட்டையும் ஒன்றாகப் பார்த்த பழைய அஞ்சலக எழுத்தர். மற்றவர் கீழ்க் காங்கோவின் பகோங்கோ மக்களின் தலைவர், கூட்டாட்சியை விரும்பியவர். புதிய நாடாளுமன்றத்தின் முதல் வேலைகளில் ஒன்று, உறுப்பினர்கள் தங்கள் ஊதியத்தைத் தாங்களே பல மடங்கு உயர்த்திக்கொண்டது. லுமும்பா அதை எதிர்த்தார், பயனில்லை. நேற்றுவரை தங்களைப் போலவே எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தவர்கள் இன்று மோட்டார் வாகனங்களில் போவதை முகாம்களின் வேலிக்கு உள்ளிருந்து சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. அதே சம்பளம், அதே வெள்ளை அதிகாரி.

ஜூலை 5ஆம் தேதி படைத்தலைவர் ஜெனரல் எமில் யான்சென்ஸ் லியோபோல்ட்வில் முகாமில் சிப்பாய்களைக் கூட்டி, கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதினார்: சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின். சுதந்திரம் வந்து ஐந்தே நாட்கள் ஆகியிருந்தன. அன்று மாலையே திஸ்வில் முகாமில் கலகம் தொடங்கி, சில நாட்களில் நாடெங்கும் பரவியது. வெள்ளையர் தாக்கப்பட்டனர், பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர், பல்லாயிரம் பெல்ஜியர்கள் ஆற்றைக் கடந்து ஓடினார்கள். அவர்களோடு நாட்டின் மருத்துவர்களும் பொறியாளர்களும் கணக்கு அலுவலர்களும் போய்விட்டார்கள். லுமும்பா சிப்பாய்கள் அனைவருக்கும் ஒரு படி பதவி உயர்வு கொடுத்தார், யான்சென்ஸை நீக்கினார், விக்டர் லுந்துலாவைப் படைத்தலைவராகவும், தன் நம்பிக்கைக்குரிய மொபுட்டுவைக் கர்னலாக்கி அவருக்கு அடுத்த நிலையிலும் அமர்த்தினார்.

மொபுட்டுவைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும். அவர் போர்க்களத்திலிருந்து வந்தவரல்லர். ஃபோர்ஸ் புப்ளிக்கில் லுலுவாபூர் இராணுவப் பள்ளியில் எழுத்தராகவும் கணக்காளராகவும் பயிற்சி பெற்று, சார்ஜெண்ட் மேஜர் வரை உயர்ந்து, 1956இல் விலகிப் பத்திரிகையாளரானவர். படையின் பெயர்ப்பட்டியலும் சம்பளப் பேரேடும் எப்படி எழுதப்படுகின்றன என்பது அவருக்குத் தெரியும். கலகம் செய்த முகாம்களுக்கு ஆயுதமில்லாமல் போய், குறைகளைக் கேட்டு, சிப்பாய்களோடு அவர்கள் மொழியில் பேசி அவர்களை அடக்கும் துணிவும் அவருக்கு இருந்தது. லுந்துலா பெயரளவில் தலைவராக இருக்க, லியோபோல்ட்வில் முகாம்கள் மெல்ல மெல்ல மொபுட்டுவின் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டன.

கலகத்தைச் சாக்காக வைத்துப் பெல்ஜியப் படைகள் ஜூலை 10ஆம் தேதி அனுமதியின்றி இறங்கின. மறுநாள் கத்தங்கா மாகாணம் தனிநாடு என்று மொயிஸ் ஷோம்பே அறிவித்தார். கத்தங்காவின் செம்பும் கோபால்ட்டும் காங்கோவின் வருவாய்க்கு முதுகெலும்பு. ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதி அந்த மாகாணத்தின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. அங்கு ஆட்சி செலுத்திய யூனியன் மினியேர் நிறுவனம் லியோபோல்ட்வில்லுக்குக் கொடுத்திருக்க வேண்டிய வரியையும் பங்காதாயத்தையும் ஷோம்பேயின் அரசுக்குக் கொடுத்தது. அந்தப் பணத்தில் கத்தங்கா தனக்கென்று ஒரு படையை அமைத்துக்கொண்டு, பெல்ஜிய அதிகாரிகளையும் பின்னர் வெளிநாட்டுக் கூலிப்படையினரையும் அமர்த்தியது. ஆக, 1960 ஜூலையின் நடுவில் காங்கோவில் இரண்டு படைகள் இருந்தன. ஒன்றுக்குச் சுரங்கத்திலிருந்து மாதம் தவறாமல் பணம் வந்தது. மற்றொன்றின் எசமானரான மத்திய அரசு காலிக் கஜானாவோடு நின்றது. காங்கோ அரசுக்குச் சேர வேண்டிய பங்குகளின் வழியே அந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய அமைப்பை, சுதந்திரத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே பெல்ஜியம் கலைத்துவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கஜானா காலியானது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லுமும்பாவும் காசாவுபுவும் ஐ.நா. சபைக்குத் தந்தி கொடுத்தார்கள். ஜூலை 14ஆம் தேதித் தீர்மானத்தின் பின் ஐ.நா. படைகள் வந்தன, ஆனால் கத்தங்காவுக்குள் நுழைந்து பிரிவினையை முடித்துவைக்கப் பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் மறுத்தார். பொறுமை இழந்த லுமும்பா சோவியத் ஒன்றியத்திடம் விமானங்களும் லாரிகளும் பெற்றார். அவற்றில் ஏறிப் போன படை, தெற்குக் கசாயில் பிரிந்து நின்றிருந்த ஆல்பெர் கலோன்ஜியை அடக்கப் போய், பக்வாங்காவில் பொதுமக்களைப் படுகொலை செய்தது. லுமும்பாவை நேசிப்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவதுண்டு. நானும் அவரை நேசிப்பவன். இருந்தாலும் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். உணவும் ஊதியமும் ஒழுங்காகப் போய்ச் சேராத ஒரு படையை நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்கு அனுப்பினால் அது வழியில் கிடைத்ததைத் தின்றும் கண்டவரைக் கொன்றும்தான் போகும் என்பதை, அந்தப் படையின் வரலாற்றை அறிந்திருந்த எவரும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும்.

செப்டம்பர் 5ஆம் தேதி இரவு காசாவுபு வானொலியில் லுமும்பாவைப் பதவிநீக்கம் செய்தார். லுமும்பா அதே வானொலிக்கு வந்து காசாவுபுவை நீக்கினார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அடுத்த சில நாட்களில் லுமும்பாவின் பக்கம் நின்றன. மக்கள் வாக்கின் வழியே வந்த அதிகாரம் அவரிடமே இருந்தது. ஆனால் அதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. ஐ.நா.வின் பொறுப்பில் அப்போது தற்காலிகமாக இருந்த அமெரிக்கர் ஆண்ட்ரூ கோர்டியர் வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் மூடினார். பேச்சால் மக்களைத் திரட்டும் லுமும்பாவுக்கு வானொலி இல்லை. ஸ்டான்லிவில்லிலிருந்து தன் ஆதரவுப் படைகளைக் கொண்டுவர விமானமும் இல்லை. காசாவுபுவுக்கோ ஆற்றுக்கு மறுகரையிலிருந்த பிராசவில் வானொலி திறந்திருந்தது. இரண்டாவது காரியம் பலரால் பேசப்படாதது. பல வாரங்களாகச் சம்பளமில்லாமல் இருந்த காங்கோ இராணுவத்துக்குக் கொடுப்பதற்காக ஐ.நா. 10 லட்சம் டாலர் அளித்தது. அந்தப் பணம் சிப்பாய்களுக்கு மொபுட்டுவின் கை வழியாகப் போய்ச் சேர்ந்தது. சில நாட்களில், செப்டம்பர் 14ஆம் தேதி, இரு தலைவர்களையும் செயலற்றவர்களாக்கிவிட்டதாக மொபுட்டு அறிவித்தார். காசாவுபு விரைவில் மீண்டும் செயல்படத் தொடங்கினார். லுமும்பா மட்டும் வீட்டுக்குள் முடக்கப்பட்டார்.

ஐ.நா. அந்தப் பணத்தைக் கெட்ட எண்ணத்தோடு கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. பசித்த, ஆயுதமேந்திய கூட்டம் தலைநகரில் இருப்பதைவிட அதற்குச் சம்பளம் கொடுத்துவிடுவது நல்லது என்று நினைத்திருக்கலாம். விளைவு எண்ணத்தைப் பார்த்து வரவில்லை. சட்டப்படி சம்பளம் கொடுக்க வேண்டிய அரசு கொடுக்கவில்லை. கையில் நோட்டுகளோடு வந்து நின்ற அதிகாரியைச் சிப்பாய் தன் எசமானராக ஏற்றுக்கொண்டான். அதன்பின் அமெரிக்க உளவு அமைப்பும் பெல்ஜியமும் மொபுட்டுவுக்கும் அவர் அணிக்கும் இரகசியமாகப் பணம் கொடுத்ததைப் பிற்கால விசாரணைகளும் வெளியிடப்பட்ட ஆவணங்களும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாகச் செப்டம்பரில் பொறுப்பேற்ற இந்தியர் ராஜேஷ்வர் தயாள், மொபுட்டுவின் ஆட்சியைச் சட்டபூர்வமானதாக ஏற்க மறுத்தார். லுமும்பாவைக் கைதுசெய்ய வந்தவர்களை ஐ.நா. காவலர்கள் தடுத்தார்கள். பிரதமரின் வீட்டைச் சுற்றி உள்வட்டமாக ஐ.நா. படையும், அதற்கு வெளியே அவரைப் பிடிப்பதற்கென்று காங்கோ இராணுவமும் நின்ற அந்த வாரங்கள், உலக அரசியலின் விசித்திரமான காட்சிகளில் ஒன்று. நவம்பர் 27ஆம் தேதி இரவு லுமும்பா தப்பி ஸ்டான்லிவில் நோக்கிப் போனார். வழியில் கிராமங்களில் மக்கள் அவரை நிறுத்தினார்கள். அவர் நின்று பேசினார். சங்குரு ஆற்றங்கரையில் பிடிபட்டார். திஸ்வில் முகாமுக்கு அவரைக் கொண்டுபோனது டிசம்பரில். மீதியை முன்பே சொல்லிவிட்டேன். அவரோடு மோரிஸ் ம்போலோவும் ஜோசப் ஒக்கிட்டோவும் கொல்லப்பட்டனர். உடல்கள் பின்னர் தோண்டி எடுக்கப்பட்டு அமிலத்தில் கரைக்கப்பட்டன. அந்த வேலையைச் செய்த பெல்ஜியப் போலீஸ் அதிகாரி ஒருவர் எடுத்து வைத்துக்கொண்ட ஒரு பல், 2022 ஜூனில்தான் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெல்ஜிய நாடாளுமன்றக் குழு 2001இல் தன் நாட்டுக்கு இதில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று முடிவு சொன்னது. அடுத்த ஆண்டு அரசு மன்னிப்புக் கேட்டது. கொலை நடந்த இடத்தில் பெல்ஜிய அதிகாரிகள் நின்றிருந்தார்கள் என்ற பிறகு, தார்மீகம் என்ற அடைமொழியை என்னால் ஏற்க முடியவில்லை.

கொலைக்குப் பிறகு கத்தங்காவை அடக்கும் அதிகாரம் ஐ.நா.வுக்குக் கிடைத்தது. 1961 மார்ச்சில் இந்தியா ஒரு பிரிகேட் படையை அனுப்பியது. அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கத்தங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் கத்தங்காப் படையின் மறிப்பை உடைக்கும் சண்டையில் உயிர்விட்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கு பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. 1963 ஜனவரியில் பிரிவினை முடிவுக்கு வந்தது. இதிலும் சம்பளக் கதை உண்டு. உச்சத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இருந்த அந்த ஐ.நா. படைக்கான செலவில் தங்கள் பங்கைக் கொடுக்க சோவியத் ஒன்றியமும் பிரான்சும் மறுத்துவிட்டன. ஐ.நா. கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்ட வேண்டிய நிலை வந்தது. இந்தச் செலவு உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1962 ஜூலையில் கட்டுப்படுத்தும் என்று கருத்து வந்தது. அப்படியும் அவை கொடுக்கவில்லை. 1964 ஜூன் 30ஆம் தேதி கடைசி ஐ.நா. சிப்பாய் வெளியேறியபோது, நாட்டின் கிழக்கில் லுமும்பா ஆதரவாளர்களின் சிம்பாக் கிளர்ச்சி பரவிக்கொண்டிருந்தது. அரசுப்படை பல இடங்களில் சண்டையிடாமலே ஓடியது. அதை அடக்கப் பிரதமராக அழைக்கப்பட்டவர், நேற்றைய பிரிவினைவாதியான அதே ஷோம்பே. காரணம், கத்தங்காவின் பழைய படையும் கூலிப்படையினரும் அவருடன் வந்தார்கள்.

1965இல் எல்லாம் மறுபடியும் நடந்தது. அக்டோபரில் காசாவுபு தன் பிரதமரான ஷோம்பேயை நீக்கினார். அவருக்குப் பதிலாக நியமித்த எவரிஸ்த் கிம்பாவை நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. சட்டம் வைத்திருந்த அதே பொறியில் அதே மனிதர் இரண்டாம் முறை நாட்டைச் சிக்கவைத்தார். நவம்பர் 25ஆம் தேதி மொபுட்டு இருவரையும் ஒதுக்கிவிட்டு ஆட்சியை எடுத்துக்கொண்டார்; இம்முறை 32 ஆண்டுகளுக்கு. அடுத்த ஆண்டு ஜூனில் கிம்பாவையும் மூன்று முன்னாள் அமைச்சர்களையும் பெருங்கூட்டத்தின் முன் தூக்கிலிட்டார். அதே ஆண்டில், தானே கொலைக்கு அனுப்பிவைத்த லுமும்பாவைத் தேசிய வீரர் என்று அறிவித்தார்.

அவருடைய ஆட்சியின் தொடக்க ஆண்டுகளைப் பலர் இன்று மறந்துவிட்டார்கள். யூனியன் மினியேரின் சுரங்கங்கள் 1967 தொடக்கத்தில் அரசுடைமையாகின, செம்பின் விலை உயர்ந்திருந்தது, சம்பளங்கள் வந்தன. நாட்டுக்கு 1971இல் சயீர் என்று பெயர் மாறியது. 1973 நவம்பரில் வெளிநாட்டார் கடைகளையும் தோட்டங்களையும் பறித்துத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டார். அடுத்த ஆண்டு செம்பின் விலை சரிந்தது. கடன் ஏறத் தொடங்கியது. 1977இலும் 1978இலும், பழைய கத்தங்காப் படையினர் அங்கோலாவிலிருந்து ஷாபா என்று பெயர் மாற்றப்பட்டிருந்த தங்கள் மாகாணத்துக்குள் புகுந்தபோது, சயீர் இராணுவம் கலைந்தது. முதல்முறை மொரோக்கோப் படையும், இரண்டாம் முறை கோல்வேசியில் குதித்த பிரெஞ்சு பாராசூட் வீரர்களும் அவரைக் காப்பாற்றினார்கள். மொபுட்டு இதிலிருந்து எடுத்த முடிவு, இராணுவத்தைச் சீர்செய்வதாக இருக்கவில்லை. தன் இங்பாந்தி இனத்தவரை மையமாகக் கொண்ட சிறப்புக் காவற்படை ஒன்றை வளர்த்து, அதற்கு மட்டும் நல்ல சம்பளம் கொடுத்தார். மற்ற படைகள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதிகாரி தன் பிரிவின் சம்பளத்தை எடுத்துக்கொண்டார். சிப்பாய் சாலையில் தடுப்புப் போட்டுச் சந்தைக்குப் போகும் பெண்களிடம் வசூலித்தான். சம்பளக் கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் அந்தக் கணக்கை வேண்டுமென்றே அழியவிட்டதுதான் அவருடைய ஆட்சி முறை என்று நான் புரிந்துகொள்கிறேன். ஊதியம் ஒழுங்காக வரும் படைக்குத் தலைவன் வேறு யாராகவும் இருக்கலாம். ஒவ்வொரு மாதமும் கையேந்த வேண்டிய படையோ கொடுப்பவனைத் தவிர வேறு எவரையும் அறியாது.

அந்த முறை 1991 செப்டம்பரில் உடைந்தது. தலைநகர் கின்ஷாசாவில் (பழைய லியோபோல்ட்வில்) ஊதியம் கிடைக்காத பாராசூட் படையினர் முகாமிலிருந்து வெளியேறிக் கடைகளையும் கிடங்குகளையும் சூறையாடினார்கள், மக்களும் சேர்ந்துகொண்டார்கள், பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் வந்து வெளிநாட்டாரை அழைத்துச் சென்றன. அப்போது ஜனநாயகத்துக்கான தேசிய மாநாடு நடந்துகொண்டிருந்தது. அம்மாநாடு எத்தியேன் சிசெகெடியைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. மொபுட்டு அவரை ஏற்கவில்லை. நாட்டில் இருவரும் தங்களைச் சட்டபூர்வமானவர் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்நாட்களில், பணவீக்கம் நோட்டுகளைக் காகிதமாக்கிக்கொண்டிருந்தது. மொபுட்டு 50 லட்சம் சயீர் (நாட்டின் பெயரே நாணயத்தின் பெயரும்) மதிப்புள்ள புதிய நோட்டை அச்சிட்டு வெளியிட்டார். அது செல்லாது என்று சிசெகெடி அறிவித்தார். கடைக்காரர்கள் பிரதமரின் சொல்லைக் கேட்டார்கள்.

1993 ஜனவரியில் அந்த நோட்டுகளையே சிப்பாய்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தார்கள். சிப்பாய் கடைக்குப் போகிறான்; கையில் 50 லட்சம்; கடைக்காரர் வாங்க மறுக்கிறார். அடுத்து நடந்தது நாட்கணக்கில் நீண்ட வன்முறை. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், பிரெஞ்சுத் தூதர் பிலிப் பெர்னார் உட்பட. 1960க்குப் பிந்தைய காங்கோவின் முழு அரசியலும் அந்த ஒரு நோட்டில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எது பணம் என்று சொல்லும் தகுதி மக்களின் கண்ணில் மாநாடு தேர்ந்தெடுத்த பிரதமருக்கு இருந்தது. அந்தத் தகுதியை அவர் பயன்படுத்தியதன் விலையை, சிப்பாயின் துப்பாக்கி முனையில் கின்ஷாசாவின் சாதாரண மக்கள் கொடுத்தார்கள். சிசெகெடியின் முடிவு சரியா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். கொள்கையளவில் அவர் சரி; சம்பளத்துக்கு மாற்று ஏற்பாடு எதுவும் கையில் இல்லாமல் அதைச் செய்தது பெரும் பிழை என்ற முடிவுக்கே ஒவ்வொரு முறையும் வருகிறேன்.

1996 அக்டோபரில் கிழக்கில், ருவாண்டா, உகாண்டாவின் ஆதரவோடு லோரான் கபிலாவின் கிளர்ச்சி தொடங்கியபோது, மொபுட்டுவின் இராணுவம் நகரம் நகரமாகக் கொள்ளையடித்துவிட்டுப் பின்வாங்கியது. ஏழே மாதங்களில், 1997 மே 17ஆம் தேதி, கின்ஷாசா வீழ்ந்தது; செப்டம்பரில் மொபுட்டு மொரோக்கோவில் இறந்தார். கபிலாவை 2001 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே சுட்டார். பல நாடுகளின் படைகள் மோதிய பெரும்போர் ஓய்ந்து, பகைப் படைகளை ஒரே தேசிய இராணுவத்தில் சேர்த்தபோது, ஒவ்வொரு தளபதியும் தன் ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டினார். பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் உண்மையில் இல்லை. 2005இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆலோசனைக் குழு முதலில் கையில் எடுத்த வேலை, சம்பளம் தளபதிகளின் கை வழியாகப் போவதை நிறுத்துவது. சிப்பாய்களை நேரில் எண்ணி, அடையாள அட்டை கொடுத்து, கட்டளையின் வழி வேறு, ஊதியத்தின் வழி வேறு என்று பிரித்தார்கள். பின்னர் வங்கிக் கணக்குகள் வந்தன. காங்கோவில் வெளிநாட்டார் செய்த எத்தனையோ காரியங்களில் நான் மதிப்போடு நினைக்கும் மிகச் சிலவற்றில் இது ஒன்று. ஆனால் ஊதியத்தின் அளவு வாழ்வதற்குப் போதாததாகவே இருந்தது. களத்துக்கான உணவும் தளவாடமும் பழைய வழியிலேயே கசிந்தன.

2025 ஜனவரி இறுதியில் எம்23 கிளர்ச்சிப்படை ருவாண்டாப் படையின் துணையோடு கோமாவைப் பிடித்தது. பிப்ரவரியில் புக்காவுவும் விழுந்தது. பின்வாங்கிய சிப்பாய்கள் வழியில் இருந்த ஊர்களைக் கொள்ளையடித்த செய்திகள் வந்தன. மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஃபெலிக்ஸ் சிசெகெடி, அந்த 50 லட்சம் சயீர் நோட்டை மறுத்தவரின் மகன், இராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் சம்பளத்தை இரு மடங்காக்கினார். எம்23 படையோ, தன் கட்டுப்பாட்டில் உள்ள ருபாயாச் சுரங்கத்தில் எடுக்கப்படும், மின்னணுக் கருவிகளுக்குத் தேவையான கோல்டான் தாதுவுக்கு 2024இலிருந்தே வரி வசூலித்துவருகிறது. கத்தங்காவின் செம்பு ஷோம்பேயின் படைக்குச் சம்பளம் கொடுத்ததைப் போலவே, இன்று வட கிவுவின் தாது இன்னொரு படையின் செலவைத் தாங்குகிறது. கின்ஷாசா அறிவித்த அந்த இரு மடங்கு, காட்டோரத்துத் தடுப்பரணில் நிற்கும் சிப்பாயின் கைக்கு முழுதாகப் போகிறதா என்பதையே காங்கோவிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியிலும் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.